நிற்காததற்கு ஏழு சொல்

ஜனவரி 13

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் இருமல் விட்டதா? குழம்பில் காரம் போடச் சொல்லி மெஸ்ஸில் சண்டை பிடித்தாயே, போட்டார்களா? போன் பிடிக்காத மலையில் உட்கார்ந்துகொண்டு நீ ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிறாய். உன்னால் நான் இந்த வயதில் கடிதம் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சின்ன உதவி. நம் வாலுவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். நிற்காமல் நடக்கிற விஷயங்களுக்கு இங்கிலீஷில் என்னென்ன சொல், எதை எங்கே போடுவது என்று எழுதிவர வேண்டுமாம். கன்டினியூவஸ், கன்டினியூவல், கான்ஸ்டன்ட், இன்சஸன்ட், பெர்சிஸ்டன்ட், பெர்பெச்சுவல், கிரானிக். அகராதியைப் புரட்டினேன். பாதிக்கு மேல் ‘இடைவிடாத’ என்றே போட்டிருக்கிறது. எல்லாம் ஒன்றுதான் என்றால் ஏழு எதற்கு? பஸ் நிலைய விசாரணைக் கூண்டில் நாள் முழுக்க ‘மூன்றாவது பிளாட்பாரம்’ என்று சொல்கிறவளுக்கு இது எட்டவில்லை.

அண்ணனுக்கு ஒன்றுமில்லை. பேச்சைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார், அவ்வளவுதான். பதிலை உடனே போடு. வாலு அவசரப்படுகிறாள்.

அன்புடன்
அண்ணி

ஜனவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது. காரம் இன்னும் வரவில்லை. நீங்கள், அண்ணன், வாலு மூவரும் நலம் என்று நம்புகிறேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தப் பாடத்தைக் கொடுத்த டீச்சரை நான் பார்க்க வேண்டும். போகட்டும். கன்டினியூவஸ் என்றால் நடுவில் இடைவெளியே கிடையாது. குழாயில் ஓடுகிற தண்ணீர். ஒரு நொடி விட்டாலும் அந்தச் சொல் செல்லாது. கன்டினியூவல் என்றால் விட்டு விட்டு, ஆனால் ஓயாமல். அண்ணனிடம் நீங்கள் கதவைச் சாத்தச் சொல்வது கன்டினியூவல். இன்சஸன்ட் புகார்ச் சொல். பக்கத்து வீட்டு நாய்க்குச் சொல்லலாம், பிடித்த பாட்டுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். கான்ஸ்டன்ட் அளவுக்குச் சொல்வது, ஏறாது, இறங்காது. பெர்சிஸ்டன்ட் என்றால் போ என்று சொல்லியும் போகாதது. பெர்பெச்சுவல் எங்கள் துறையில் கிட்டத்தட்ட கெட்ட வார்த்தை. என்றைக்கும் நிற்காத மெஷின் செய்திருக்கிறேன் என்று எவனாவது வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். எல்லாம் ஒருநாள் நிற்கும்.

கிரானிக் நாள்பட்ட நோய்க்குச் சொல்வது. அது ஏன் பிள்ளைகள் பாடத்தில் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

அண்ணன் எப்போதும் உங்கள் கடிதத்தின் அடியில் என்னைத் திட்டி இரண்டு வரி எழுதுவான். இந்தத் தடவை காணோம். பிசியா?

இப்படிக்கு
தம்பி

ஜனவரி 31

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்தது. கதவு விஷயத்தை நான் மறக்க மாட்டேன், ஊருக்கு வா.

இன்னும் ஒரு சந்தேகம். ஒன்று நாலைந்து நொடிக்கு ஒரு தரம் வருகிறது. சாப்பிடும்போதும் வருகிறது, பேசும்போதும் வருகிறது. சில நாள் ஒரு மணி நேரம் நின்று ஆசை காட்டிவிட்டு மறுபடி வருகிறது. தூங்கும்போது அநேகமாக இல்லை, எழுந்தால் வந்துவிடுகிறது. இன்றோடு முப்பது நாள். இதற்கு உன் ஏழில் எது?

பஸ் நிலையத்தில் ஒரு பம்ப் இப்படித்தான் ஓடுகிறது, அதற்காகக் கேட்கிறேன். இப்படியே ஓடினால் பம்ப் கெட்டுப்போகுமா என்றும் சொல்.

அண்ணன் உன்னைக் கேட்டதாகச் சொன்னார்.

அன்புடன்
அண்ணி

பிப்ரவரி 8

அண்ணி,

நான் நலம். அதை ஒதுக்கி வையுங்கள்.

நீங்கள் சொல்வது கன்டினியூவல். போகவும் மாட்டேன் என்கிறது, அதனால் பெர்சிஸ்டன்ட்டும்தான். நிச்சயமாகக் கன்டினியூவஸ் இல்லை.

பம்ப் சாப்பிடாது. பம்ப் பேசாது. பம்ப் தூங்காது. யாருக்கு, என்ன?

தம்பி

பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு நலமா? முதலில் உட்கார்ந்துகொண்டு படி.

உன் அண்ணனுக்கு விக்கல். ஜனவரி இரண்டாம் தேதி காலை ஆரம்பித்தது. இன்றோடு நாற்பத்தேழு நாள். உனக்குச் சிரிப்பு வரலாம். முதல் வாரம் நாங்களும் சிரித்தோம். தெருவே வந்து ‘யாருய்யா உன்ன இவ்ளோ நினைக்கிறது’ என்று கேட்டுவிட்டுப் போனது. தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், சர்க்கரை விழுங்கச் சொன்னார்கள், வாலு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து நாலு தரம் பயமுறுத்தினாள். பயந்தது நான்தான்.

சலூன் வேலை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். கையில் கத்தி, எதிரே ஒருத்தர் கழுத்து. இரண்டு விக்கலுக்கு நடுவே கத்தியை இழுத்து எடுக்கப் பழகிக்கொண்டார். பத்து நாள் அப்படி ஓட்டினார். பன்னிரண்டாம் தேதி தையல்கடைக்காரர் தாடையில் கீறிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உன் அண்ணன் கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தவர்தான், இன்னும் எடுக்கவில்லை. மறுநாள்தான் உனக்கு அந்த ஏழு சொல் கேட்டு எழுதினேன்.

இங்கே டாக்டர் மூன்று விதமான மாத்திரை மாற்றிப் பார்த்தார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். தலைக்குள் எதுவும் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். அந்த விண்ணப்பத்தில்தான் அந்த ஏழு கட்டம். உன் பதில் வருவதற்குள் நானே கன்டினியூவஸில் டிக் அடித்து அனுப்பினேன். ‘அப்படியானால் நோயாளி எப்படிச் சாப்பிடுகிறார்?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேற்று உன் கடிதம் வந்ததும் நீ சொன்னபடி அடித்து நேரில் போய்க் கொடுத்தேன். ஏப்ரல் ஒன்பதுக்கு நாள் கிடைத்தது.

‘அவனுக்குச் சொல்லாத, வேலைய உதறிட்டு ஓடி வருவான்’ என்றார் அண்ணன். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஆறு விக்கல் ஆனது. தலைக்குள் என்ன இருக்கிறதோ என்ற பயத்தை அவர் வாயைத் திறந்து சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை. உனக்கு எழுதிவிட்டேன்.

அண்ணி

பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்பத்தேழு நாள் என்னிடம் மறைத்ததற்கு உங்கள் இருவரையும் என்ன செய்வது என்று நேரில் முடிவு செய்கிறேன். லீவு கேட்டேன். மாற்று ஆள் வரும்வரை கிடையாது என்கிறார்கள். கத்திப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்தது பழுது பார்ப்பது ஒன்றுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒருநாள் காலை திடீரென்று தகராறு செய்தால், நாங்கள் மெஷினைப் பிரிக்க மாட்டோம். முந்தைய நாள் அதை யார் தொட்டார்கள், என்ன செய்தார்கள் என்று கேட்போம். எல்லா ஆபரேட்டரும் ‘ஒண்ணுமே பண்ணல சார்’ என்றுதான் ஆரம்பிப்பான். கடைசியில் ஏதாவது பண்ணியிருப்பான்.

ஜனவரி ஒன்றாம் தேதி எழுந்தது முதல் படுத்தது வரை அண்ணன் என்ன செய்தான் என்று எழுதச் சொல்லுங்கள். அவனே எழுத வேண்டும். எது முக்கியம் என்று அவன் தீர்மானிக்கக் கூடாது. உபயோகமில்லாதது என்று எதையும் விடக் கூடாது. ‘வழக்கம்போல’ என்று ஒரு வார்த்தை வந்தாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

நீங்கள் சரியாகச் சாப்பிடுங்கள். வாலுவுக்கு என் அன்பு.

தம்பி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நலமா என்று நீ கேட்காதே, நான் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து அங்கங்கே குதித்திருந்தால் அது பேனாவின் குற்றம் இல்லை.

உன்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தது என்னைப் பம்ப் என்று நினைப்பதற்கா? உன் அண்ணி பக்கத்தில் நின்று ‘எழுதுங்க, எழுதுங்க’ என்கிறாள். எழுதுகிறேன்.

அன்று கடை விடுமுறை. ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். டீ குடித்தேன். சமையலறைக் குழாயில் சொட்டுவதற்கு வாஷர் மாற்றினேன். மறுபடி டீ. பிறகு கடையைத் திறந்து, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து முடி வெட்டிக்கொண்டேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கூட்டாளிக்கு நான் வெட்டுவேன், எனக்கு அவன் வெட்டுவான். பதினோரு வருஷமாக அப்படித்தான். டிசம்பரில் அவன் அடுத்த தெருவில் சொந்தக் கடை போட்டுப் போய்விட்டான். சண்டையெல்லாம் இல்லை. ஆனால் அவன் கடையில் போய்த் தலையைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டு கண்ணாடி வைத்து நானே வெட்டிக்கொண்டேன். பின்பக்கம் சுலபம். காதோரம்தான் கஷ்டம், தலையை நன்றாகச் சாய்த்து மெஷினை மேலே பிடித்துக்கொண்டு செய்தேன். சுமாராக வந்தது. உன் அண்ணி ‘எலி கடிச்ச மாதிரி இருக்கு’ என்றாள். வந்து குளித்தேன். சாப்பிட்டேன். மத்தியானம் தூங்கினேன். சாயங்காலம் வாலுவோடு கடைத்தெரு போனோம், அங்கே ஐஸ் போட்ட சோடா இரண்டு பாட்டில் குடித்தேன். அதுதான் காரணம் என்று எனக்கு அப்போதிலிருந்தே சந்தேகம். ஒன்பதரைக்குப் படுத்தேன்.

‘வழக்கம்போல’ எங்கேயும் வரவில்லை. எண்ணிப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மார்ச் 14

அண்ணே,

சோடாவை விடு.

நான் உன் கடையில் தலை கொடுத்த காலத்திலெல்லாம் காதோரம் வரும்போது இரண்டு காதிலும் பஞ்சு திணிப்பாய். மூக்கைச் சுளித்தால் மண்டையில் தட்டுவாய். ‘முடி உள்ள போனா அப்புறம் நீதான் அழுவே’ என்பாய். அன்றைக்கு உன் காதில் பஞ்சு வைத்தாயா? கடிதத்தில் வாஷர் இருக்கிறது, இரண்டு டீ இருக்கிறது, பஞ்சு இல்லை.

எங்கள் தொழிலில் பராமரிப்பு முடிந்த மறுநாள் வருகிற பழுதுதான் அதிகம். உள்ளே எதையாவது விட்டுவிட்டு மூடியிருப்பார்கள். அதனால் எனக்கு முதலில் தோன்றியது காது. ஆனால் காதுக்கும் விக்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாமல் உளறக் கூடாது என்று, இங்கே முதலுதவி அறையில் இருப்பவரிடம் போய்க் கேட்டேன். பழைய ஆள், ஆஸ்பத்திரியில் இருந்தவர். காதுக்குள் வருகிற ஒரு நரம்பு கழுத்து வழியாக மார்புக்கும் வயிற்றுக்கும் போகிறதாம். காதுக்குள் முடி குத்திக்கொண்டு நின்று விக்கல் வந்த ஒருத்தரை அவரே பார்த்திருக்கிறாராம். உறுதி இல்லை, ஆனால் பார்ப்பதில் நஷ்டமில்லை என்றார்.

வயர்லெஸில் செய்தி அனுப்பக் கேட்டேன். ‘காதுல முடிங்கிறது அவசரமாய்யா?’ என்று சூப்பர்வைசர் கேட்டார். அவரோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

கடிதம் கிடைத்த அன்றைக்கே போய்க் காதைக் காட்டு. நீயே குச்சி விட்டு நோண்டாதே. விட்டால் நான் வந்து உன் கையை ஒடிப்பேன்.

தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

நின்றுவிட்டது.

அதை முதல் வரியில் எழுதச் சொன்னவர் உன் அண்ணன். இனி நலம் விசாரிக்கிறேன்: நலமா? சாப்பிட்டாயா? அந்த முதலுதவி அறைக்காரர் நலமா? அவருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல். சூப்பர்வைசருக்கு வேண்டாம்.

உன் கடிதம் இருபத்திரண்டாம் தேதி வந்தது. உன் அண்ணன் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். ‘வெச்சீங்களா?’ என்றேன். ‘எனக்கு எதுக்குடி பஞ்சு’ என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஊருக்கெல்லாம் இருபது வருஷமாகப் பஞ்சு வைத்தவர் தன் காதுக்கு வைக்கவில்லை. கூட்டாளி வெட்டும்போது அவன் வைத்துவிடுவான், இவருக்கு அந்த யோசனையே வேண்டியிருந்ததில்லை.

கிளினிக்கில் நர்ஸ் லைட் அடித்துப் பார்த்தார். இடது காதில் ஒன்றுமில்லை. வலது காதில் பார்த்துவிட்டு, ‘சார், உள்ள ரெண்டு முடி இருக்கு. ஒண்ணு செவிப்பறையிலேயே குத்திட்டு நிக்குது’ என்றார்.

‘என் முடியா?’ என்று கேட்டார் உன் அண்ணன்.

‘வேற யாரோட முடி உங்க காதுக்கு வரும்?’

‘அதில்லம்மா. கடைக்கு நூறு பேர் வர்றாங்க.’

டாக்டர் வந்து சின்னக் கிடுக்கியால் எடுத்தார். அரை விரற்கடை நீளம் கூட இல்லை. வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார். அதன் பிறகு மூன்று விக்கல் வந்தது. நான் எண்ணினேன். நாலாவதற்காக நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். வரவில்லை. டாக்டர் தன் மூன்று மாத்திரையை நினைத்தாரோ என்னவோ, ‘காத நான் பாக்கவே இல்ல’ என்று மெதுவாகச் சொன்னார்.

எண்பதாவது நாள். வீட்டுக்கு வந்து அவர் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. இரண்டு நாளாக அவர் பேச்சை நிறுத்தவில்லை. இன்சஸன்ட் என்று போடலாம், ஆனால் புகார் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் வேண்டாம் என்று நானே இங்கிலீஷில் எழுதிப் போட்டேன். நிற்காததற்கு ஏழு சொல் வைத்திருக்கிறார்கள், நின்றதற்கு ‘ஸ்டாப்டு’ என்ற ஒன்றே போதுமாக இருந்தது.

ஒரே ஒரு குறை. நேற்றுக் கடையைத் திறந்தார். முடி வெட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஷேவ் பண்ண யாரும் உட்காரவில்லை. ‘இன்னொரு நாள் பாத்துக்கலாம்ணே’ என்று தாடையைத் தடவிக்கொண்டே போய்விட்டார்கள். தையல்கடைக்காரர் கதை தெரு முழுக்கப் போயிருக்கிறது. உன் அண்ணன் கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறார்.

அண்ணி

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் முதல் வரியைப் படித்துவிட்டு வெளியே போய் டேங்கைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். பிறகு வந்துதான் மீதியைப் படித்தேன். முதலுதவி அறைக்காரரிடம் சொன்னேன். ‘அப்படியா’ என்றார், அன்று முழுக்கக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மிடுக்காக நடந்தார்.

மாற்று ஆள் வந்தாயிற்று. பதினெட்டாம் தேதி காலை வருகிறேன், ஒரு வாரம் இருப்பேன். அன்று நீங்கள் காலை டியூட்டியாக இருந்தால் மாற்ற வேண்டாம். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குப் போகிறேன். ஜன்னலோரத்து நாற்காலியை எனக்கு வைத்திருக்கச் சொல்லுங்கள். இங்கே இரண்டு வாரமாக ஷேவ் பண்ணவில்லை, பண்ணப் போவதுமில்லை.

தம்பி

மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கொடுத்த ஊறுகாயை மெஸ்காரன் முகர்ந்து பார்த்தான், இனிமேல் காரம் போடுவான் என்று நினைக்கிறேன். அண்ணன், வாலு நலமா? கடைக்கு ஷேவ் பண்ண ஆள் வருகிறார்களா?

அன்று காலை கடையில் நடந்ததை நீங்கள் இரண்டு தரம் கேட்டீர்கள். ‘ஷேவ் பண்ணினான், நல்லா இருந்துச்சு’ என்று இரண்டு தரமும் சொன்னேன். எதிரில் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. எழுதுகிறேன்.

நான் போய் உட்கார்ந்ததும் அண்ணன் ஷட்டரை முழுசாக மேலே ஏற்றினான். எதிர்க்கடை வாசலில் நாலு பேர் நின்றார்கள். தையல்கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். கூட்டாளிகூட வந்திருந்தார், டீ குடிக்க வந்தவர்போல.

‘என்னடா, வேடிக்கை காட்டவா வந்தே?’ என்றான் அண்ணன்.

‘ஷேவ் பண்ண வந்தேன். பேசாம வேலையப் பாரு.’

நுரை போட்டான். கத்தியை விரித்தான். அண்ணி, நான் அழுத்தம் தாங்குகிற குழாய்களை நம்பி வாழ்கிறவன். எந்தப் பழுது எதனால் வந்தது, எதனால் போனது என்று உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினவன். முடியை எடுத்தாயிற்று, விக்கல் போயிற்று, இனி வரக் காரணமே இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். கத்தி கழுத்துக்கு வந்ததும் அதில் ஒன்றுகூட உதவவில்லை. அடுத்தது எப்போது வரும் என்று நொடி எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

வலது கன்னம் முடிந்தது. இடது கன்னம் முடிந்தது. என் தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டைக்குக் கத்தியை வைத்தவன், அப்படியே நிறுத்திவிட்டான். கை அசையவில்லை. வந்துவிட்டது, அடக்கிக்கொண்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். தெருவில் நின்ற எல்லாரும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

வாயை அசைக்காமல் ‘என்னண்ணே?’ என்றேன்.

அவன் குனிந்து, தெருவில் இருப்பவர்களுக்குக் கேட்காத மாதிரி சொன்னான்: ‘நீ மூச்சே விடலடா. கழுத்து கல்லு மாதிரி இருக்கு. விடு, அப்பதான் இழுக்க முடியும்.’

விட்டேன். ஒரே இழுப்பில் முடித்துவிட்டுத் துண்டால் துடைத்தான். நான் எழுந்திருப்பதற்குள் தையல்கடைக்காரர் உள்ளே வந்து, அடுத்து நான்தான் என்று சொல்லிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இப்படிக்கு
தம்பி